குறை எது, மாற்றம் எது? ஒரு மெட்டாலிகா ரசிகருக்குப் பதில்

கேள்வி: ஐயா, காரைக்குடியில் பழைய வீட்டுக் கதவு, நிலை, தூண் ஆகியவற்றை வாங்கி விற்கும் தொழில் செய்கிறேன். 1989 இல், எனக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது, பினாங்கிலிருந்து வந்த என் அம்மான் மெட்டாலிகா என்ற அமெரிக்க ராக் குழுவின் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ கேசட்டைக் கையில் கொடுத்தார். திறந்த முற்றத்தைச் சுற்றிக் கட்டிய எங்கள் வளவு வீட்டில் அதைக் கேட்டேன். அன்றிலிருந்து அந்தக் குழுதான் எனக்கு எல்லாம். ஆனால் 1991க்குப் பிறகு அவர்கள் வேறு யாரோ ஆகிவிட்டார்கள். வேகத்தைக் குறைத்தார்கள், முடியை வெட்டினார்கள், 2003 இல் தகர டப்பாவைத் தட்டுவது போல டிரம்ஸ் வாசித்தார்கள். 2008 ஆல்பத்தைக் கேட்டால் தலை வலிக்கிறது. 2011 இல் பெங்களூரு வரை போய் நேரில் பார்த்தேன். பழைய பாட்டுகளுக்குக் கண்ணீர் விட்டேன், ஆனால் ஊர் திரும்பியதும் ஏமாற்றம்தான் மிஞ்சியது. என் மகனோ அந்த 2003 ஆல்பத்தைத்தான் விரும்பிக் கேட்கிறான். “அப்பச்சி, உங்களுக்கு வயசாகிவிட்டது” என்கிறான். அவர்கள் எங்களை ஏமாற்றினார்களா, என் காதுதான் கெட்டுவிட்டதா? கேசட்டுகளையும் இசைத்தட்டுகளையும் விற்றுவிடலாம் என்றிருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முப்பத்தைந்து ஆண்டுகளாக ஒரு குழுவின் இசையோடு வாழ்ந்தவர் மனம் வெதும்பி எழுதும்போது, அதை வயதுக் கோளாறு என்றோ பழமைப் பற்று என்றோ ஒதுக்குவது நியாயமாகாது. சென்னையின் ஒலிப்பதிவுக் கூடங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிவிட்டு இப்போது தேவகோட்டையில் வசிக்கும் எனக்கு, உங்கள் புகார்கள் ஒவ்வொன்றும் காதால் சரிபார்க்கத்தக்கவையாகத் தோன்றின. ஐம்பது வயதுக்கு மேல் மிக மெல்லிய கீச்சொலிகள் நம் காதுக்கு எட்டாமல் போவது இயல்பு. ஆனால் நீங்கள் சொல்லும் குறைகள் எவையும் அதனால் தோன்றுபவை அல்ல. உங்கள் காது நன்றாகத்தான் இருக்கிறது. அது கேட்டவற்றை நீங்கள் ஒரே கணக்கில் எழுதிவிட்டீர்கள் என்பதே என் கருத்து.

உங்கள் தொழிலிலிருந்தே தொடங்குகிறேன். பர்மா தேக்கில் செய்த நிலைக்கதவின் மீது யாரோ பச்சை எனாமல் பெயின்ட்டைப் பூசி, செதுக்கு வேலையின் நுணுக்கமெல்லாம் அடைபட்டுக் கிடந்தால் அதை நீங்கள் குறை என்பீர்கள். அதே தெருவில், வளவும் இரண்டாம் கட்டும் முன்னரே எழும்பி, முகப்பு மட்டும் 1930களின் பாணியில் நேர்கோடுகளும் வளைவுகளுமாகப் பிறகு கட்டப்பட்ட வீடு ஒன்று இருந்தால், அதைக் குறை என்று சொல்ல மாட்டீர்கள்; கட்டியவரின் காலமும் விருப்பமும் மாறின என்பீர்கள். அந்த முகப்பு உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம், ஆனால் அதற்காகத் தச்சரையோ கொத்தரையோ பழிக்க மாட்டீர்கள். மரத்திலும் காரையிலும் இவ்வளவு தெளிவாகப் பார்க்கும் நீங்கள் இசைத்தட்டுகளிடம் மட்டும் அந்தப் பார்வையைக் கைவிட்டுவிட்டீர்கள். குறை வேறு, மாற்றம் வேறு. அவ்வாறு பிரித்துப் பார்த்தால் கிடைக்கும் கணக்கு, நீங்கள் எதிர்பார்ப்பது போல 1991க்கு முன், 1991க்குப் பின் என்று இரண்டாகப் பிரிந்து நிற்கவில்லை.

முதலில் உங்கள் தலைவலி. 2008 செப்டம்பரில் வெளியான ‘டெத் மேக்னெட்டிக்’ குறித்து நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. இதில் நான் உங்கள் பக்கம் நிற்கிறேன். எண்முறை (டிஜிட்டல்) பதிவில் ஒலிக்கு ஒரு கூரை உண்டு; அதற்கு மேல் எதுவும் போக முடியாது. அந்தக் கூரைக்குள் பாடலை இன்னும் சத்தமாக்க வேண்டுமென்றால், மெல்லிய பகுதிகளை உயர்த்தி, வலுத்த பகுதிகளின் உச்சிகளைச் சீவிவிட வேண்டியிருக்கும். அளவோடு செய்தால் அது ஒரு கருவி. அளவு மீறினால் டிரம்ஸின் அடி அடியாக விழாமல் இரைச்சலாகக் கசிகிறது, கிட்டார் கரகரக்கிறது, காது ஓய்வெடுக்க ஒரு நொடியும் கிடைப்பதில்லை. தலை வலிப்பது அதனால்தான். அப்போது வெளிவந்த ஒரு கிட்டார் வீடியோ விளையாட்டில் அதே பாடல்கள் இவ்வளவு நசுக்கப்படாமல் இடம்பெற்றிருந்ததால், ரசிகர்கள் இரண்டையும் ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆல்பத்தின் ஒலிகளை மறுபடி கலந்து வெளியிடக் கோரிப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். மாஸ்டரிங் என்னும் இறுதி ஒலிச் சீரமைப்பைச் செய்த பொறியாளரே, தம் கைக்கு வரும்போதே ஒலி அப்படித்தான் நசுங்கி வந்தது என்று வெளிப்படையாக எழுதினார். அந்த ஆண்டுகளில் ‘இன்னும் சத்தமாக’ என்ற வேண்டுகோளுக்கு நானும் பலமுறை இணங்கியிருக்கிறேன். அந்தப் பதிவுகளை இன்று கேட்கும்போது வருத்தமாக இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த ஆல்பத்தின் இசை, வேகத்திலும் நீளத்திலும் நீங்கள் நேசிக்கும் 1980களின் பாணிக்குத்தான் திரும்பியிருந்தது. அதாவது, அவர்கள் உங்களை நோக்கி மிக அருகில் வந்த இடத்தில்தான் உண்மையான ஒலிக்குறை இருக்கிறது.

அடுத்து நான் சொல்லப்போவது உங்களுக்குக் கசக்கலாம். நீங்கள் பொற்காலம் என்று கருதும் ஆண்டுகளின் கடைசி ஆல்பமான, 1988 இல் வந்த ‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ இன்னொரு பெருங்குறையோடு வெளியானது. அதில், தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டார் ஏறக்குறையக் கேட்பதே இல்லை. காரணம் துயரமானது. 1986 செப்டம்பர் 27 அன்று ஸ்வீடனில் குழுவினர் சென்ற பேருந்து கவிழ்ந்து, பேஸ் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் இருபத்து நான்காம் வயதில் இறந்தார். அவர் இடத்துக்கு ஜேசன் நியூஸ்டெட் வந்தார். அவருடைய முதல் முழு ஆல்பத்திலேயே அவருடைய வாசிப்பு கலவையில் அமிழ்த்தப்பட்டது. பேஸைக் குறைக்கச் சொன்னது குழுவினர்தான் என்று கலவைப் பொறியாளர் பின்னாளில் கூறியிருக்கிறார். ரசிகர்கள் பேஸை உயர்த்திய பதிப்புகளைத் தாங்களே தயாரித்துக் கேட்டுக்கொண்டிருக்க, 2018 இல் அந்த ஆல்பத்தை மறுபதிப்பாக வெளியிட்டபோதும் குழுவினர் அந்தச் சமநிலையை மாற்றவில்லை. ஒரு பொறியாளராக என்னால் அதைக் குறை என்றுதான் சொல்ல முடியும். ஆனாலும் உங்களைப் போலவே நானும் அதை நேசிக்கிறேன். அந்த உலர்ந்த, அடித்தளம் இல்லாத ஒலியில் நண்பரை இழந்தவர்களின் வெறுமையைக் கேட்பதாக எனக்குத் தோன்றுவதுண்டு. அது என் மனம் சேர்த்துக்கொண்ட பொருளாகவும் இருக்கலாம்.

இதற்கு நேர்மாறாக, நீங்கள் முதல் துரோகமாகக் கருதும் 1991 ஆகஸ்ட் ஆல்பம், கறுப்பு அட்டையில் வந்ததால் கறுப்பு ஆல்பம் என்று அழைக்கப்படுவது, தொழில்நுட்ப அளவில் அவர்களின் மிகக் கவனமான வேலை. தயாரிப்பாளர் பாப் ராக் அதுவரை தனித்தனியே பதிவு செய்துவந்தவர்களை ஒரே அறையில் சேர்ந்து வாசிக்கச் சொன்னார். 1990 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய பதிவு மறு ஆண்டு ஜூன் வரை நீண்டது. கலவை மூன்று முறை திருத்தப்பட்டது. செலவு பத்து லட்சம் டாலரை எட்டியது. பேஸ் மீண்டும் தன் இடத்துக்கு வந்தது. பாடல்கள் சுருங்கின, வேகம் குறைந்தது, ஒவ்வோர் அடிக்கும் இடைவெளி கிடைத்தது. உங்களுக்கு இது பிடிக்காமல் போனதில் தவறேதும் இல்லை. ஆனால் இது மாற்றம்; இதில் குறை இல்லை.

முடியை வெட்டியது பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஆனால் 1996 இல் ‘லோட்’ வந்தபோது உங்களுக்கு ஏதோ தளர்ந்துபோனதாகத் தோன்றியிருந்தால், அதற்கு மிகத் தெளிவான காரணம் உண்டு. கிட்டாரின் மிகத் தடித்த தந்தி வழக்கமாக நம் சுருதிக் கணக்கில் மூன்று கட்டையில் நிற்கும். ‘லோட்’ காலத்தில் அவர்கள் எல்லாத் தந்திகளையும் அரைக் கட்டை இறக்கினார்கள். தந்தி இறங்கினால் இறுக்கம் குறையும். அடிக்கும்போது சற்று அதிகமாக ஆடும். ஒலி தடித்துக் கருமையாகும். பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் கறுப்பு ஆல்பக் காலத்தில் தொண்டை பழுதாகி, குரல் பயிற்சி ஆசிரியரிடம் சென்றவர். அதுவரை கத்திப் பாடியவர் அதன்பின் சுரத்தைப் பிடித்து நிறுத்திப் பாடத் தொடங்கினார். அப்படிப் பாடுபவருக்கு அரைக் கட்டை இறக்கம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நம் ஊரில் விளக்க வேண்டியதில்லை. இருபது வயதில் ஐந்து கட்டையில் பாடிய வித்வான் அறுபதில் நாலரைக்கோ நாலுக்கோ வந்தால், சபையில் யாரும் துரோகம் என்று எழுந்து போவதில்லை, அனுபவித்துக் கேட்கிறோம். ராக் இசைக்கலைஞருக்கு மட்டும் உடம்பே இல்லை என்று நாம் எண்ணிவிடுகிறோம்.

2003 இல் வந்த ‘செயின்ட் ஆங்கர்’ பற்றி எனக்கே முடிவான கருத்து இல்லை என்பதால் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. நீங்கள் தகர டப்பா என்று சொல்வது ஸ்னேர் என்னும் சிறிய பறை. அதன் கீழ்த்தோலை ஒட்டி மெல்லிய கம்பிச் சுருள்கள் உரசி நிற்கும்; அந்த உரசல்தான் அதற்கு அந்தச் சுரீர் என்ற ஓசையைத் தருகிறது. அந்த ஆல்பத்தில் டிரம்ஸ் கலைஞர் லார்ஸ் உல்ரிச் கம்பிகளை விலக்கிவிட்டு வாசித்தார். தம்புராவில் தந்திக்கு அடியில் வைக்கும் ஜீவாளி என்னும் நூலை உருவிவிட்டால் சுருதி அதுவே இருக்க, உயிர் மட்டும் போய்விடுமே, அதற்கு ஒப்பானது இது. கிட்டாரின் தடித்த தந்தியோ பல பாடல்களில் மூன்று கட்டையிலிருந்து ஒரு கட்டைக்கே இறங்கியிருந்தது. கிட்டார் தனி வாசிப்பு ஒன்றுகூட இல்லை. 2001 ஜனவரியில் நியூஸ்டெட் விலகிவிட்டார். அந்த ஆண்டிலேயே ஹெட்ஃபீல்ட் குடிப்பழக்கத்திலிருந்து மீளச் சிகிச்சைக்குச் சென்றார். திரும்பி வந்தபின் ஒரு நாளில் சில மணி நேரமே வேலை செய்ய முடிந்தது. பேஸ் வாசிக்க ஆளில்லாமல் தயாரிப்பாளரே வாசித்தார். குழு உடையுமா நிலைக்குமா என்று தெரியாத அந்த மாதங்களைப் பதிவு செய்த ஆவணப்படம் 2004 இல் வெளிவந்தது. நீங்கள் பார்த்ததில்லையென்றால் மகனோடு உட்கார்ந்து பாருங்கள். அந்த ஸ்னேர் ஒலி எனக்கும் பிடிக்காது. என் கூடத்தில் யாராவது அப்படிப் பதிவு செய்யக் கேட்டிருந்தால் மறுத்திருப்பேன். ஆனால் அது கவனக்குறைவால் நேர்ந்ததில்லை, தெரிந்தே செய்தார்கள். மெருகு எதுவும் வேண்டாம், உடைந்து கிடப்பது அப்படியே கேட்கட்டும் என்று முடிவெடுத்தவர்களின் ஒலி அது. உங்கள் மகன் அதில் எதைக் கேட்கிறான் என்று நீங்கள் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. இளம் வயதினர் பலர் அந்த ஆல்பத்தில் இசையைவிட அந்த நேர்மையைத்தான் கேட்கிறார்கள் என்பது என் அனுபவம்.

நீங்கள் 1989 இல், 1986 ஆம் ஆண்டின் ஆல்பம் வழியாக உள்ளே வந்தீர்கள். ஆகவே அதுதான் உங்களுக்கு மெட்டாலிகாவின் சொந்த முகம். ஆனால் 1983 இல் வந்த முதல் ஆல்பத்தின் மூர்க்கத்தில் மயங்கியவர்களில் ஒரு சாரார், 1984 இல் இரண்டாம் ஆல்பத்தில் மெல்லிய கிட்டாரில் தொடங்கும் ஒரு பாடல் இடம்பெற்றதற்கே ‘விலைபோய்விட்டார்கள்’ என்று தூற்றினார்கள். உங்களை ஆட்கொண்ட ஆல்பம், அவர்களுக்கு ஏற்கெனவே கெட்டுப்போன குழுவின் ஆல்பம். உங்கள் ஊரை அடுத்த அரியக்குடியை நினைத்துப் பாருங்கள். அங்கே பிறந்த ராமானுஜ ஐயங்கார்தான், ராகம் தானம் பல்லவிக்கே பெரும்பொழுதைக் கொடுத்துவந்த கச்சேரியை வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பாகப் பல கிருதிகளைப் பாடி, துக்கடாக்களில் முடியும் வடிவத்துக்குக் கொண்டுவந்தார். இன்று நாம் மரபு என்று கட்டிக் காக்கும் கச்சேரி முறை, அவர் காலத்தில் புதுமை. அவருக்கு முந்தைய முறையில் பழகிய ஒரு ரசிகர் முன்வரிசையில் உட்கார்ந்து என்ன நினைத்திருப்பார் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. அவருடைய ஏக்கமும் உண்மையானதாகத்தான் இருந்திருக்கும்.

ஏமாற்றினார்களா என்ற கேள்விக்கு என் பதில் இது. பணம் அவர்கள் கணக்கில் இருந்திருக்கும்; கறுப்பு ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்றது, அதை யாரும் வெறுத்து ஒதுக்கியிருக்க மாட்டார்கள். ஆனால் பணமே குறியாக இருந்திருந்தால், அந்த வெற்றியின் அச்சில் இன்னும் இரண்டு ஆல்பங்கள் வார்ப்பதுதான் எளிய வழி. அவர்கள் 1999 இல் சான்பிரான்சிஸ்கோ சிம்பனி இசைக்குழுவோடு சேர்ந்து வாசித்தார்கள். 2011 இல் ராக் பாடகர் லூ ரீடுடன் சேர்ந்து, தங்கள் ரசிகர்களே தாங்க முடியாத ஓர் ஆல்பத்தைத் தந்தார்கள். விலைபோனவர்கள் இத்தனை முறை தடுக்கி விழத் துணிய மாட்டார்கள். 2008 ஆல்பத்தின் ஒலிக்கு மட்டும் அவர்கள் உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறார்கள். நசுங்கிய ஒரு பொருளை விலைக்கு விற்றார்கள். மற்றவை, உங்களைக் கேட்காமல் அவர்கள் வாழ்ந்த வாழ்க்கை.

இன்னொன்றையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. 1989 இல் அந்தக் கேசட்டை எங்கே கேட்டீர்கள்? வளவு வீட்டில் என்று எழுதியிருக்கிறீர்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, மேலே திறந்த வானம். வழுவழுப்பான கெட்டிப் பரப்புகள் கிட்டாரின் கூர்மையைத் திருப்பி அனுப்பும். முற்றமோ மீதி முழக்கத்தை மேலே போகவிடும். சிறிய டூ-இன்-ஒன் கூட அங்கே பெரிதாக ஒலித்திருக்கும். அத்துடன், கேசட் நாடா உச்சியில் வரும் அடிகளைத் தானே மென்மையாக்கிவிடும் இயல்புடையது. மிகக் கூர்மையான ஒலிகளைச் சற்று மழுக்கும். இன்று புதிய ஆல்பங்களைக் கைபேசியில், காதுக்குள் செருகும் சிறு கருவியில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பழையதை வீட்டோடும் நாடாவோடும் பதினைந்து வயதோடும் சேர்த்துக் கேட்டீர்கள். புதியதைத் தனியாகக் கேட்கிறீர்கள். இரண்டையும் அப்படி எடைபோடுவது முறையாகாது.

ஆகவே ஒரு வேலை செய்யுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், அதே வளவில் ஒரே ஒலிபெருக்கியை வைத்து, 1986, 1988, 1991, 1996, 2003, 2008, 2023 ஆண்டுகளின் ஆல்பங்களிலிருந்து ஒவ்வொரு பாடலாகக் கேளுங்கள். எல்லாவற்றையும் ஒரே சத்த அளவில் வைப்பது மிக முக்கியம். இரண்டு பதிவுகளில் சத்தம் கூடியதே நல்லது என்று காது தவறாகத் தீர்ப்புச் சொல்லும். கைபேசியில் ஒலியளவு காட்டும் செயலியை வைத்து 75 டெசிபெல்லை ஒட்டி நிறுத்தினால் போதும். முதல் முறை கேட்கும்போது டிரம்ஸின் அடியை மட்டும் கவனியுங்கள். இரண்டாம் முறை பேஸை மட்டும். மூன்றாம் முறை குரலை மட்டும். பாடல் பிடித்திருக்கிறதா என்பதை அதுவரை உங்களிடமே கேட்டுக்கொள்ளாதீர்கள்.

மகனையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். அவனைப் போன்ற பலர் 2022 இல் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரில் உங்கள் 1986 பாடல் ஒலித்தபோதுதான் இந்தக் குழுவைத் தேடி வந்தார்கள்; அவனும் அப்படி வந்தவனா என்று கேளுங்கள். முப்பதாண்டு ஆல்பங்களும் ஒரே நாளில் கிடைத்தவர்களுக்கு எதுவும் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நீங்களோ ஒவ்வோர் ஆல்பத்துக்கும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தீர்கள். அந்தக் காத்திருப்பின் எடை உங்கள் ஏமாற்றத்தில் இருக்கிறது. அவனுக்கு அதைச் சொல்லுங்கள், வயதைப் பற்றிய பேச்சு அங்கே நின்றுவிடும். அவன் விரும்பும் 2003 பாடலை முழுமையாகக் கேட்டுவிட்டு, பிடிக்கவில்லையென்றால் பிடிக்கவில்லை என்றே சொல்லுங்கள். பொய்யான பாராட்டு எந்த மகனுக்கும் தெரிந்துவிடும்.

விற்பது பற்றி: 2008 குறுந்தகட்டை வேண்டுமானால் கொடுத்துவிடுங்கள். அம்மான் கொடுத்த கேசட்டை விற்க வேண்டாம்; அதை வாங்குபவருக்கு அது வெறும் நாடா. ஆனால் அதை உடனே இயக்கவும் வேண்டாம். நம் ஊர் வெயிலில் பல கோடைகள் கிடந்த நாடா ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம். முதலில் டெக்கின் தலைப்பகுதியையும் ரப்பர் உருளையையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்கு உலரவிடுங்கள். பிறகு கேசட்டை ஒருமுறை முழுவதுமாக முன்னோக்கிச் சுற்றி, மறுபடி பின்னோக்கிச் சுற்றுங்கள். கிறீச்சிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். டெக்கின் பெல்ட் தளர்ந்திருந்தால் மாற்றுங்கள். வேகம் நூற்றுக்கு ஆறு பங்கு மாறினாலே சுருதி அரைக் கட்டை நகர்ந்துவிடும், பிறகு ஹெட்ஃபீல்ட் செய்யாத இறக்கத்துக்கும் அவரைக் குற்றம் சொல்ல நேரிடும். கேட்டு முடித்தபின் நாடாவை ஒரு முனைவரை முழுதாகச் சுற்றி, நிமிர்த்தி, ஒலிபெருக்கியின் காந்தத்திலிருந்து தள்ளி, சுவரில் வெயில் படாத இரண்டாம் கட்டு அலமாரியில் வையுங்கள்.

அன்புடன்,
தேவகோட்டையிலிருந்து ஓர் ஒலிப்பதிவுப் பொறியாளர்